எம்பி3 றெக்கோடரும் கலியாணவீட்டு இறுவட்டும்: நெடுநாள் பாவித்த பிறகு

சட்டைப்பைக்குள் அடங்கும் அந்த எம்பி3 றெக்கோடருக்கு விலை இறங்கியதிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வீடியோக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். கலியாணவீட்டு ஒலியை இதில் எடுத்து இறுவட்டில் போடலாமா? எத்தனை மணித்தியாலம் ஓடும், எவ்வளவு பெரிய அட்டை பிடிக்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாத விசயம் ஒன்று உண்டு: இதில் பதிந்த ஒலி படத்தோடு நிற்காது. முதல் பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் போகும். ஒரு மணித்தியாலம் கழிந்தால் ஐயர் வாய் மூடிய பிறகும் மந்திரம் கேட்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடவேண்டும், அது உண்மையிலேயே நல்லது. சவுண்ட்ஸ்காரரின் மிக்சரில் றெக்கோட் அவுட்டிலிருந்து நேரே வயர் இழுத்து செக்கனுக்கு 192 கிலோபிற் என்ற தரத்தில் பதிந்தால், தவிலின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கின்றன. கமரா மைக்கில் வரும் ஜெனரேற்றர் இரைச்சலும் பின்வரிசைக் கதையும் இதில் இல்லை. பற்றரியில் ஓடுவதால் மண்டபத்தில் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. ஆனால் 128க்கு இறக்கவேண்டாம். தாளத்தின் ஒலி தண்ணீர் சலசலப்பது போல ஆகிவிடும், தவில் அடியின் கூர்மை மழுங்கும். திடீரென்று விழும் அடியைச் சுருக்கும்போது வரும் பிழை, அந்த அடிக்கு முன்னாலேயே பரவிவிடுவதுதான் காரணம். பதியும் ஒலியளவையும் மந்திரத்துக்கு வைக்கக்கூடாது, கெட்டிமேளத்துக்கு வைக்கவேண்டும். நாதஸ்வரம் தனியாக வாசிக்கையில் மீற்றர் −12 டெசிபெல்லுக்குக் கிட்ட நின்றால் போதும். மிக்சரின் வயரை மைக் துவாரத்தில் செருகிவிட்டு, அமைப்பில் 'லைன்' என்று மாற்றாமல் விட்டால் எல்லாம் சிதறித்தான் பதியும். சிதறியதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். ஒலி பிந்துகிறது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே வெவ்வேறு வருத்தங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு தள்ளி நின்றால் அது வெறும் இடப்பெயர்ச்சி, ஒலியை நகர்த்தினால் சரி. தொடக்கத்தில் பொருந்திப் போகப்போக விலகினால் றெக்கோடரின் கடிகாரமும் கமராவின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஓரிடத்தில் சட்டென்று தாவினால் கோப்பு ஒட்டிய இடத்தில் பிழை. எது என்று கண்டுபிடிக்காமல் ஒலியை அங்குமிங்கும் இழுப்பவர்கள் விடியவிடிய இழுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இந்தக் கருவியில் மூன்றும் ஒன்றாக வருகின்றன. எனக்கு எரிச்சலே அதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் எம்பி3 கோப்பை 16 பிற், 48,000 ஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக, அதாவது சுருக்காத ஒலிக் கோப்பாக மாற்றுங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், கட்டளை எழுதிப் பாவிக்கும் எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுகம். டிவிடி வீடியோவின் தரத்தில் எம்பி3க்கு இடமே கிடையாது. பிளேயர் எம்பி3 பாட்டு இறுவட்டை வாசிப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அது வேறு, டிவிடி வீடியோ வேறு. டிவிடிக்கு ஏசி3, சுருக்காத எல்பிசிஎம், பால் (PAL, எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறை) முறைக்கு எம்பி2 ஆகிய ஒலி வடிவங்களில் ஒன்றை எடுக்கலாம், மாதிரி வீதம், அதாவது செக்கனுக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 48,000. விசிடி என்றால் எம்பி2, 224 கிலோபிற், 44,100. இந்த இரண்டு வீதத்தையும் குழப்பி, 44,100இல் பதிந்ததை மாற்றாமல் 48,000 என்று பெயர் மட்டும் சூட்டினால், ஒலி 8.8 சதவீதம் வேகமாக ஓடி ஐயரின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும். மாறுகிற வீதத்தில், அதாவது விபிஆரில் பதிந்த எம்பி3யை ஏவிஐ வீடியோக் கோப்புக்குள் அப்படியே வைத்தாலும் விலகல் வரும். வேவ் ஆக்கினால் இந்த இரண்டு தொல்லையும் அங்கேயே ஒழியும்.

விலகலை அளக்க இரண்டு அடையாளம் வேண்டும், ஒன்று தொடக்கத்தில், மற்றது முடிவில். பிள்ளையார் பூசைக்குத் தேங்காய் உடைப்பது தொடக்கத்துக்கு அருமையான அடையாளம்: கண்ணுக்கும் தெரியும், ஒலியும் கூர்மை. மைக் கிட்ட இருக்கவேண்டும், அவ்வளவுதான். முடிவுக்குக் கமராவின் முன்னால் நின்று, மிக்சரில் செருகிய மைக்குக்குக் கிட்டவாக ஒரு கைதட்டு. தேங்காய் பிளக்கும் படத்தில் ஒலியைப் பொருத்திவிட்டு, கைதட்டில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். இந்த றெக்கோடரில் மணித்தியாலத்துக்கு 0.36 செக்கன் பிந்துகிறது. 3,600 செக்கனுக்கு 0.36 என்றால் 0.01 சதவீதம். எஃப்எஃப்எம்பெக்கில் அந்த வேவ் கோப்பின் வீதத்தை 48,005 என்று அறிவித்து, பிறகு 48,000க்கு மறுமாதிரி எடுத்தால் கணக்கு நேர். ஆடாசிட்டியில் 'வேகம் மாற்று' என்ற வசதியில் புதிய நீளத்தைச் செக்கனில் கொடுக்கலாம். 'ரெம்போ மாற்று' வேண்டாம். சுருதி காப்பாற்றுகிறேன் என்று அது ஒலியை வெட்டி ஒட்டும், தவிலில் அந்த வெட்டு கேட்கும். 0.01 சதவீதத்தில் சுருதி மாறுவதை நாதஸ்வர வித்துவானே கண்டுபிடிக்கமாட்டார்.

கமராவில் பதிந்த ஒலியோடு றெக்கோடர் ஒலியைப் பொருத்துவதுதான் வழக்கம். அது பாதி சரி. 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் ஓடுகிறது. கமரா 14 மீற்றர் தள்ளி நின்றால் அதன் மைக்குக்கு ஒலி 40 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அது பால் முறையில் சரியாக ஒரு பிரேம், செக்கனுக்கு ஓடும் 25 படங்களில் ஒன்று. மண்டபத்தில் அது பரவாயில்லை. வற்றாப்பளைப் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் ஒலிபெருக்கி எங்கோ மரத்தில், கமரா வேறெங்கோ. 50 மீற்றர் என்றால் 140 மில்லிசெக்கனுக்கு மேல். அந்த ஒலியை நம்பிப் பொருத்தினால் முழுப்படத்திலும் ஒலி பிந்தும். ஆகவே அலை உருவத்தைப் பார்த்துக் கிட்டக் கொண்டுவந்துவிட்டு, கடைசிப் பொருத்தத்தைக் கண்ணால் செய்யுங்கள். ஒலி முந்துவதுதான் கூடுதல் மோசம்: 45 மில்லிசெக்கன் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியும், பிந்தினால் 125 வரைக்கும் தெரியாது.

கோப்பு ஒட்டும் இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருவி மணித்தியாலத்துக்கு ஒருமுறை கோப்பை மூடிப் புதிதாகத் திறக்கிறது, அதை நிறுத்த வழியில்லை. மூடித் திறப்பதற்குள் கொஞ்ச ஒலி தொலைகிறது. அது போதாதென்று, எம்பி3 என்பது 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் போவதால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் வெறும் மௌனம் சேர்கிறது. எல்லாவற்றையும் அப்படியே தொடராக ஒட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் பொருத்தம் வேறாகும். வழி ஒன்றுதான்: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனி வேவ் ஆக்கி, தனித்தனியாகப் படத்தில் பொருத்தி, இடைவெளியைக் கமரா ஒலியால் நிரப்பவேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அந்த இடைவெளி விழாமலிருக்க, பொம்பிளை கூறை மாற்றப் போகும்போது றெக்கோடரை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். அடுத்த ஒரு மணித்தியாலம் உங்கள் கையில்.

சொந்தக்காரர் போனில் எடுத்த துண்டுகளைச் சேர்ப்பதென்றால், முதலில் அவற்றை நிலையான 25 பிரேமுக்கு மாற்றவேண்டும். போன் ஒரே வீதத்தில் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் பிரேமைக் குறைக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'நிலையான பிரேம் வீதம்' என்பதைத் தெரிவு செய்தால் சரி.

ஏசி3 ஆக்குவது கடைசி வேலை. ஏசி3யின் ஒரு துண்டு 32 மில்லிசெக்கன், ஆக்கிய பிறகு நகர்த்தினால் அந்தப் படியில்தான் நகரும். 192 அல்லது 224 கிலோபிற் தாராளம். எல்பிசிஎம் ஆசை வரும், ஆனால் அது 1,536 கிலோபிற். 2 மணித்தியாலப் படத்தை 4.7 ஜிபி இறுவட்டில் ஏற்றினால் ஒலியும் படமும் சேர்த்தே 5,000 கிலோபிற் அளவுதான் கிடைக்கும், அதில் மூன்றில் ஒன்றை ஒலிக்குக் கொடுத்தால் கூறைச் சேலையின் சரிகை கட்டம் கட்டமாகத் தெரியும். ரொறன்ரோவுக்கு அனுப்பும் பிரதிக்கு எம்பி2 போடவேண்டாம், அங்கே பாவிக்கும் என்ரிஎஸ்சி (NTSC) முறைப் பிளேயர் அதை வாசித்தே ஆகவேண்டும் என்று விதியில்லை. அங்குள்ள பழைய பிளேயர்கள் பால் படத்தையும் எடுக்காது. என்ரிஎஸ்சியின் 29.97 பிரேமுக்கு மாற்றும்போது படத்தின் நீளம் மாறாதபடி மாற்றினால் ஒலியைத் தொடவே தேவையில்லை.

எரிப்பதற்கு முன் அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ இறுவட்டு ஒன்றில் போட்டு, மலிவான பிளேயரில் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுக்கிற பழக்கத்தால்தான் இத்தனை இறுவட்டும் திரும்பி வருகின்றன. தட்டைத் தொலைக்காட்சிகள் படத்தைத் தாங்களே பிந்த வைப்பதுண்டு, ஆகவே இரண்டு பெட்டியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிறகு டிவிடி−ஆரில் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எரியுங்கள்.

ஒலி இவ்வளவு நன்றாயிருந்தும் என் சொல், வாங்கவேண்டாம் என்பதுதான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வேவ் பதியும் கருவியை எடுங்கள். அதன் கடிகாரமும் விலகும், ஆனால் கோப்பு மாறும்போது ஒலி தொலையாத கருவியென்றால் நாலு மணித்தியாலச் சடங்கும் ஒரு திருத்தத்தோடு முடியும். 48,000இல் மணித்தியாலத்துக்கு 700 எம்பிக்குக் கிட்டப் பிடிக்கும், 32 ஜிபி அட்டைக்கு அது பெரிய காரியமில்லை. எம்பி3 றெக்கோடரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் எறியவேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் அரங்கேற்றத்துக்கும் பேச்சுக்கும் அதைவிட நல்ல ஒலி அந்த விலைக்குக் கிடைக்காது.