கல்லை ஏற்றுவதா, பல் சட்டிக்கு மாறுவதா? மினி டிராக்டரில் டிஸ்க் ஹாரோ

பெங்களூரில் வேலை, ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நிலம், அதற்கு 24 குதிரைத்திறனில் ஒரு மினி டிராக்டர். இப்படி இருக்கும் நம்மவர்கள் எல்லாருக்கும் டிஸ்க் ஹாரோவில், அதாவது சட்டி எனும் குழிந்த வட்டத் தட்டுகள் முன்னும் பின்னும் வரிசையாக நிற்கும் உழவுக் கருவியில், ஒரே குறைதான்: மண்ணில் இறங்குவதில்லை. காய்ந்த செம்மண்ணில் விரல்கடை ஆழத்துக்குக் கீறிவிட்டு மேலேயே உருண்டு போகும். ராகித் தாள் இருக்கும் இடத்தில் அதுகூட இல்லை, தாள்மேல் ஏறி இறங்கிவிடும்.

இதற்கு இங்கே இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, ஹாரோவின் சட்டத்தில் கருங்கல்லோ மணல் மூட்டையோ கட்டி எடை ஏற்றுவது. இன்னொன்று, முன் வரிசையில் பல் வெட்டிய சட்டி போட்டு, அந்த வரிசை நேர்க் குறுக்கிலிருந்து சாய்ந்து நிற்கும் கோணத்தைக் கூட்டுவது. நான் இரண்டாவதற்கு மாறினேன், அதில்தான் இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் முன்னால் பார்க்கவேண்டியவை உண்டு. நம் செம்மண் காய்ந்தால் இறுகிப்போகும். கோடை மழை ஒன்று விழுந்து, பிடித்த உருண்டை தட்டினால் உதிரும் பதத்தில்தான் எந்த ஹாரோவும் இறங்கும். கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கில், இழுவையைப் பார்த்து ஆழத்தை மாற்றும் டிராஃப்ட் கண்ட்ரோல் வேலை செய்யும் நிலையில் இருந்தால், சுமை கூடியதும் அதுவே ஹாரோவைத் தூக்கிவிடும். அதை விடுவித்து, இறக்கும் லீவரை முழுவதும் கீழே விடவேண்டும். வேகத்தையும் குறைக்கவேண்டும், எடை குறைந்த ஹாரோ வேகத்தில் மிதக்கும். அப்புறம், சட்டியின் விட்டத்தில் கால் பங்குக்கு மேல் ஆழம் கேட்கக்கூடாது. 450 மி.மீ. சட்டி என்றால் 11 செ.மீ., அவ்வளவுதான். அதற்குமேல் வேண்டுமென்றால் அது சட்டிக் கலப்பையின் வேலை.

சரி, எடைக்கு வருவோம். எடை ஏற்றினால் இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ விழுகிறது என்பதுதான் ஹாரோவின் அடிப்படைக் கணக்கு. 200 கிலோ ஹாரோவில் 10 சட்டி என்றால் ஆளுக்கு 20 கிலோ. 100 கிலோ கல் வைத்தால் அது 30 ஆகிறது. செலவும் கிடையாது, நம் ஊரில் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஓட்டத்தில் இருக்கும்போது அந்தப் பாரத்தை மண் தாங்கிக்கொள்ளும், டிராக்டருக்கு இழுப்பு மட்டும்தான் கூடும்.

சிக்கல் வரப்போரத்தில் திருப்பும்போது வருகிறது. அங்கே ஹாரோவைத் தூக்கியாகவேண்டும். தூக்கியதும் அத்தனை பாரமும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது, முன் சக்கரம் லேசாகிறது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். டிராக்டர் 1,000 கிலோ. அதில் முன் சக்கரத்தில் 400. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர். ஹாரோவின் பாரம் பின் அச்சிலிருந்து ஒன்றேகால் மீட்டர் பின்னால் நிற்கிறது. வெறும் 200 கிலோ ஹாரோவைத் தூக்கினாலே முன் சக்கரத்திலிருந்து சுமார் 165 கிலோ போய்விடும், மிச்சம் 235. கல் 100 கிலோ சேர்ந்தால் இன்னும் 80க்கு மேல் போகும். மிச்சம் 150 சொச்சம். கல்லைப் பின் சட்டத்தில் கட்டினால் இன்னும் மோசம். ஸ்டீயரிங் கேட்கவேண்டுமானால் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்கவேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 200 கிலோ. கல் கட்டாதவரை விதிக்குள் இருக்கிறோம், கட்டியதும் வெளியே போய்விடுகிறோம்.

இது சமதரைக் கணக்கு. வரப்பில் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கல் துள்ளும், முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இந்த டிராக்டர்களுக்குப் பொதுவாக 750 கிலோ தூக்கும் என்று போட்டிருப்பார்கள். அது கருவியைப் பிடித்துத் தூக்கும் கீழ்க் கைகளின் நுனியில் அளந்தது. பாரம் பின்னே போகப்போகத் தூக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்துத் துண்டு நிலங்களில் ஓட்டத்தைவிடத் திருப்பம்தான் அதிகம். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த ஆட்டத்தை ஆடவேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். டிராக்டர் முன்னால் எடைத் தட்டு மாட்டிச் சரிக்கட்டலாம் என்பார்கள். மாட்டலாம், ஆனால் அதுவும் மண்ணை அமுக்கும், முன் அச்சுக்கும் கூடுதல் சுமை.

பல் சட்டி எடையைக் கூட்டாமல் அழுத்தத்தைக் கூட்டுகிறது. விளிம்பில் அங்கங்கே வெட்டு இருப்பதால் மண்ணைத் தொடும் நீளம் குறைவு. அதே 20 கிலோ குறைந்த இடத்தில் விழுகிறது. பல் மண்ணைக் கவ்வுவதால் சட்டி சறுக்காமல் சுழல்கிறது, தாளை இழுத்துப்போகாமல் நறுக்குகிறது. முன் வரிசைக்கு மட்டும் போட்டால் போதும். பின் வரிசை இளகிய மண்ணில்தான் போகிறது, அங்கே சாதாச் சட்டியே நன்றாக மண்ணைப் பொடிக்கும்.

கோணம் இதன் மறுபாதி. 15 டிகிரியில் இருந்த முன் வரிசையை 20க்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரேயடியாகக் கூட்டாமல் ஒவ்வொரு துளையாக மாற்றி ஓட்டிப் பார்க்கவேண்டும். அளவு மீறினால் சட்டி வெட்டாமல் மண்ணைத் தள்ளும், பின் சக்கரம் வழுக்கும். வழுக்கினால் பின் டயரில் தண்ணீர் நிரப்புவது நல்லது, அந்த எடை பிடிப்புள்ள இடத்தில் உட்காருகிறது. ஹாரோவின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்கைச் சற்றுக் குறுக்கினால் முன் வரிசை அழுந்தும். ரொம்பக் குறுக்கினால் பின் வரிசை மண்ணை மூடாமல் சால் திறந்தே கிடக்கும்.

பராமரிப்பில் பல் சட்டிக்குக் குறை உண்டு. பல்லின் நுனி முதலில் தேயும். வெட்டு மழுங்கியதும் அது சின்ன விட்டத்துச் சாதாச் சட்டிதான். சாதாச் சட்டியைக் குவிந்த பக்கத்தில் கிரைண்டர் பிடித்துக் கூராக்கிக்கொள்ளலாம், விளிம்பு நீலம் பாரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நீலம் வந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பல் சட்டியில் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவது மெனக்கெட்ட வேலை. புதுச் சட்டி போட்டதும் முதல் நாள் ஓட்டி முடித்து, சட்டிகளைக் கோத்திருக்கும் சதுர அச்சின் கடைசி நட்டை நீளக் குழாய் போட்டு மறுபடி இறுக்குங்கள். அது தளர்ந்தால் சட்டியின் சதுரத் துளை வட்டமாகிவிடும், அப்புறம் சட்டி, சட்டிகளுக்கு இடையில் நிற்கும் ஸ்பூல், பேரிங் எல்லாம் சேர்ந்து போகும். கல் கட்டிய ஹாரோவிலும் பேரிங்தான் முதலில் அடி வாங்கும், அதனால் அங்கே இன்னும் அடிக்கடி கிரீஸ் கேட்கும்.

கல் நிறைந்த மேட்டு நிலத்தில் பல் சட்டியை நான் அதிகம் ஓட்டியதில்லை. பல் உடையுமோ என்ற பயம் எனக்கும் உண்டு, அதனால் அங்கே இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கரிசலுக்கும் என் அனுபவம் செல்லாது.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மண் தூளாகும்தான், ஆனால் வருடா வருடம் ஒரே ஆழத்தில் அதையே ஓட்டினால் அடியில் இறுகிய தளம் விழும். ஐந்து கொழு உள்ள அஞ்சு கலப்பையை முதலில் ஒரு சால் ஓட்டிவிட்டு ஹாரோ போடுவது நல்ல வழி, டீசல் மட்டும் கூடும். சட்டி மாற்றப் பணம் ஒதுக்கமுடியாத பருவத்தில் அதைச் செய்யுங்கள். வருடத்துக்கு ஓர் உழவுதான் என்றால் சொந்த ஹாரோவே வேண்டாம்; கர்நாடக அரசின் கிருஷி யந்திரதாரே மையங்களில் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ராகி விதைப்பு நெருங்கினால் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், கோடை மழைக்கு முன்பே சொல்லிவைக்கவேண்டும்.