ஒரு சதவீதமா, தொண்ணூறில் உறுதியா?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் மண்டபம், பாம்பன் பக்கம் பையன்கள் கையில் போன்தான். அதில் அதிர்ஷ்டக் குலுக்கல் அடித்துக் கதாபாத்திரம் எடுக்கும் கேம்கள். “அண்ணே, நூறு தடவை அடிச்சிட்டேன், இனி விழுந்தே ஆகணும்ல?” என்று கேட்கிறார்கள். அது எந்த வகை ஆட்டம் என்பதைப் பொறுத்தது.

முதல் வகையில் வாய்ப்பு மாறாது. 1% என்றால் எப்போதும் 1% தான். முன்னால் தோற்றதை ஆட்டம் கணக்கில் வைப்பதில்லை. நூறு தடவையில் ஒன்றாவது கிடைக்க 63% வாய்ப்பு. மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கை! நூற்றியோராவது தடவையும் அதே 1%.

இரண்டாவது, எண்ணிக்கை வைத்து உறுதி தருவது. கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் ஐந்து நட்சத்திர (மிக அரிதான) கதாபாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு வெறும் 0.6%, ஆனால் 90-வது தடவை கட்டாயம் விழும். இந்த உறுதியையும் சேர்த்த சராசரிதான் அவர்கள் அறிவிக்கும் 1.6%. உறுதியே இல்லாவிட்டால் 90 தடவையில் கிடைக்க 42% கூட வராது. இன்னொரு சிக்கல்: ஸ்பெஷல் பேனரில், அதாவது குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரத்தை முன்னிறுத்தும் குலுக்கலில், நாம் ஆசைப்பட்ட ஆளுக்குப் பதில் வேறொருவர் வந்து நிற்கலாம். அடுத்த ஐந்து நட்சத்திரம் விழும்போதுதான் நாம் ஆசைப்பட்டவர் உறுதி. ஆக, மோசமான கணக்கு இரண்டு தொண்ணூறு, 180 தடவை.

காசு போடுவதென்றால் இரண்டாவதுதான் மேல். ஒரு தடவைக்கான விலையை 180-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதிகபட்சச் செலவு தெரிந்துவிடும். வீட்டில் வருமானம் நின்ற மாதத்தில் அது தாங்குமா என்று முடிவெடுக்கலாம். முதல் வகைக்கு அந்த எல்லையே கிடையாது. நேரம் மட்டும் போகும் ஆட்டமென்றால் சரி, ரூபாய் கேட்டால் தொடாதீர்கள், தம்பிகளா.