மூன்று ஸ்கேனா, மாதம் ஒரு ஸ்கேனா?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருக்கும் என் தம்பி மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். இதுவரை ஆறு ஸ்கேன் ஆகிவிட்டது. "இத்தனை தடவை மெஷினை வெச்சா வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். "எடுக்கச் சொன்னா எடுத்துத்தானே ஆகணும்" என்கிறான் தம்பி. அதே தெருவில் இன்னொரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொண்டு, மூன்றே ஸ்கேனோடு நல்லபடியாகப் பெற்று வந்துவிட்டாள். இந்த இரண்டு வழிகளில் எது பாதுகாப்பு என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. உட்கார்ந்து படித்தேன்.

முதலில் அம்மாவின் பயம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இரண்டும் கதிர்வீச்சு. கர்ப்பிணிகளுக்கு எடுத்த எக்ஸ்ரேவுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1956-இல் இங்கிலாந்து மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் எச்சரித்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வயிற்று ஸ்கேனில், அதாவது அல்ட்ராசவுண்டில், கதிர்வீச்சே கிடையாது. நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் முறை அதிரும், நம் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய் எதிரொலித்து வருகிறது. அந்த எதிரொலிதான் படமாகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் சி.டி. ஸ்கேனையும் இதையும் ஒன்றாக நினைத்து எத்தனையோ பேர் நடுங்குகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் ஒலிக்கும் ஒரு வேலை உண்டு. அது படுகிற இடத்தைக் கொஞ்சம் சூடாக்கும். உடல் வெப்பம் 37 டிகிரிக்கு மேல் ஒன்றரை டிகிரி வரை ஏறினால் பயமில்லை. நான்கு டிகிரி ஏறி ஐந்து நிமிடம் நீடித்தால் ஆபத்து என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் கணக்கு. சாதாரண கறுப்பு வெள்ளை ஸ்கேன் இந்த எல்லைப் பக்கமே போவதில்லை. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் மட்டும் வேறு. அதில் ஒலி ஒரே இடத்தில் குவிந்து நிற்பதால் சூடு கூடுதல். அதனால்தான் முதல் பத்து வாரத்தில் தேவையில்லாமல் டாப்ளர் போடக் கூடாது என்கிறார்கள். அந்த நாட்களில் இதயத்துடிப்பைப் பார்க்க எம்-மோடு என்ற சூடு குறைந்த முறையே போதும். மெஷின் திரையின் ஓரத்தில் டி.ஐ. என்று ஓர் எண் இருக்கும். அது சூட்டின் அளவு. 0.7-க்குள் இருந்தால் நேரக் கட்டுப்பாடு கூடத் தேவையில்லை. கடைசி மாதங்களில் குழந்தை வளராமல் நின்றாலோ தாய்க்கு பி.பி. ஏறினாலோ அதே டாப்ளர் உயிரைக் காக்கும். அப்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம்.

மூன்று ஸ்கேன் வழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 11 முதல் 13 வாரத்தில் எடுப்பது, தேதி சரியா, ஒரு குழந்தையா இரட்டையா, கழுத்துக்குப் பின்னால் நீர் கூடியிருக்கிறதா என்று பார்க்க. எங்கள் பக்கத்தில் கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டால் "ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போயிட்டு வந்து நாலஞ்சு நாள் கழிச்சு" என்றுதான் பதில் வரும். தலை முதல் பிட்டம் வரை குழந்தையை அளந்து சொல்லும் இந்த முதல் ஸ்கேனில் பிசகு ஒரு வாரத்துக்கு மேல் போகாது. அதையே எட்டாம் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அளந்தால் மூன்று வாரம் கூடத் தவறலாம். இரண்டாவது, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இதை மட்டும் யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். பெரிய குறை தெரிந்து கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுக்க நேர்ந்தால், 2021-இன் சட்டத் திருத்தப்படி 24 வாரத்துக்குப் பிறகு மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். சரிசெய்யக்கூடிய இதயக் குறை என்றால், வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்க்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். மூன்றாவது, ஏழாம் மாதத்துக்குப் பிறகு வளர்ச்சி பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கண்டிப்பாக வேண்டும் என்று சொன்னது 24 வாரத்துக்குள் ஒரே ஒரு ஸ்கேன்தான்.

மாதம் ஒன்று எடுத்தால் ஒலியால் கெடுதலா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சுமார் 2,800 தாய்மாரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு 18-ஆம் வாரத்திலிருந்து டாப்ளரோடு ஐந்து ஸ்கேன், மற்றதுக்கு ஒன்று. 1993-இல் வந்த முடிவில், ஐந்து எடுத்தவர்களுக்குச் சிறிய குழந்தைகள் சற்று அதிகம். படித்தபோது எனக்கும் பகீரென்றது. ஆனால் அந்தப் பிள்ளைகளை எட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்ததில், ஒரு வயதிலேயே வளர்ச்சி வித்தியாசம் மறைந்திருந்தது. பேச்சிலும் நடத்தையிலும் குறை எதுவும் இல்லை.

என் கவலை வேறு. கேள்வியே இல்லாமல் எடுக்கும் ஸ்கேன், வீட்டுக்குப் புதிய பயத்தைக் கொண்டுவருகிறது. ஐந்தாவது ஸ்கேனில் "கொடி சுத்தியிருக்கு" என்றார்கள். என் தம்பி மனைவி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்று அங்கே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "தண்ணி கம்மி"யும் அப்படித்தான். நான்கு மூலையிலும் அளந்து கூட்டும் முறையில், குறைவு என்று முத்திரை விழுவது அதிகம். நீர் ஆழமாக நிற்கும் ஓர் இடம் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் முறையில், குழந்தைகளின் நலன் குறையாமலேயே அவசரப்பட்டு வலி வரவைப்பது குறைகிறது. எந்தச் சிக்கலும் இல்லாத தாய்க்குக் கடைசி மாதங்களில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேனால் கூடுதல் பலன் இல்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரட்டைக் குழந்தை, சர்க்கரை, பி.பி., முன்பு குழந்தை தவறியது, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, நர்சம்மா டேப்பால் அளக்கும்போது வயிறு வளராமல் இருப்பது, குழந்தை அசைவு குறைவது: இவற்றுக்கு எண்ணிக்கை பார்க்கவே கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்க மலைக் கிராமங்களில் ஒரு ஸ்கேனுக்குக் கூட ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருக்கிறது. அங்கே ஸ்கேன் கிடைக்காததுதான் ஆபத்து.

முகம் பார்க்கும் 4டி படத்துக்காக நெடுநேரம் வைப்பதில் மருத்துவப் பயன் ஒன்றுமில்லை. விட்டுவிடலாம்.

எங்கள் மண்ணில் ஸ்கேனால் உண்மையிலேயே உயிர் போனது பெண் குழந்தைகளுக்குத்தான். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது; கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடுதான் இருந்தது. ஸ்கேனில் வயிற்றுக் குழந்தையின் பாலினம் சொல்வதை 1994-இன் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் கையில் தூக்கிப்போகும் மெஷினோடு வீடுகளில் ஆட்கள் பிடிபடும் செய்தி இந்தப் பக்கத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒரு வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், 104-க்குச் சொல்லுங்கள். முறையான இடத்தில், பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று உறுதி சொல்லும் படிவம் எஃப்-இல் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். ஸ்கேன் மையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும்.

என் தம்பி மனைவிக்கு நான் சொன்னது, இனி ஸ்கேன் எழுதும்போது "இதில் எதைப் பார்க்கப் போறீங்க, டாக்டர்?" என்று கேள் என்பது. அடுத்த முறை கேட்டாள். "குழந்தை எடை பார்க்கணும், ஆனா ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தாப் போதும்மா" என்றாராம். அப்புறம் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பளபளப்புத் தாளில் எழுத்து நாளாக நாளாக அழிந்துவிடும். பிரசவத்துக்குப் போகும்போது தேதியைச் சரிபார்க்க முதலில் கேட்பது அதைத்தான்.