ரூஸ்வெல்ட்டா, வில்சனா?

1912 அமெரிக்க அதிபர் தேர்தலில் தியோடர் ரூஸ்வெல்ட், உட்ரோ வில்சன் இருவருமே முற்போக்காளர்களாகத்தான், அதாவது சமூக, பொருளாதாரச் சீர்திருத்தம் கோருபவர்களாகத்தான், களம் கண்டார்கள். இவர்களில் யார் சிறந்த முற்போக்காளர் என்பதே கேள்வி. ராட்சத நிறுவனங்களை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவை இருக்கட்டும், கடிவாளம் அரசின் கையில் இருக்கட்டும் என்றார் ரூஸ்வெல்ட். முற்றுரிமையை உடைத்துப் போட்டியை மீட்க வேண்டும் என்றார் வில்சன். வென்றவர் வில்சன்: அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்கு 435 வாக்குகள், ரூஸ்வெல்ட்டுக்கு 88.

சட்டங்களை எண்ணினால் வில்சனே முந்துகிறார். 1913இல் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி, 1914இல் நியாயமற்ற வணிக முறைகளைத் தடுக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 1916இல் ரயில்வே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை. இதில் அந்த ஆணையம், ரூஸ்வெல்ட் வாதாடிய கண்காணிப்பு வழிக்கே நெருக்கமானது!

ஆனால் துணிச்சல் என்று வந்தால் என் மனம் ரூஸ்வெல்ட் பக்கமே சாய்கிறது. அவர் அதிபராக இருந்த 1902இல் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும் வேலைநிறுத்தம், குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 1894 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அன்றைய அதிபர் ராணுவத்தை அனுப்பித் தொழிலாளர்களை ஒடுக்கியிருந்தார். ரூஸ்வெல்ட்டோ முதலாளிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். முதலாளிகள் முரண்டு பிடித்தபோது, சுரங்கங்களை ராணுவத்தைக் கொண்டு அரசே நடத்தும் என்று மிரட்டவும் தயங்கவில்லை. இறுதியில் தொழிலாளர்களுக்கு 10 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. 1906இல் உணவு, மருந்துக் கலப்படத்துக்கு எதிரான சட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது.

நிறவெறி விஷயத்தில் இருவரையும் மன்னிக்க முடியவில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்துவைக்க வில்சன் இடமளித்தார். 1901இல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகை விருந்துக்கு அழைத்த அதே ரூஸ்வெல்ட், 1906இல் 167 கறுப்பின வீரர்களை நீதிமன்ற விசாரணையின்றி ராணுவத்திலிருந்து நீக்கினார். அந்த அநீதியை ராணுவம் திருத்தியது 1972இல்தான்.