ஆய்வேடு தேட எந்தக் களஞ்சியம்? ஷோத்கங்கா, பெங்களூரு, யாழ்ப்பாணம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "சார், இந்தத் தலைப்புல ஏற்கெனவே யாராவது பண்ணியிருக்காங்களா?" பதில் தேடி அவர்களை நான் அனுப்பும் இடங்களில் முக்கியமானவை மூன்று: இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஈபிரிண்ட்ஸ் என்ற இணையக் களஞ்சியம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியம். களஞ்சியம் என்றதும் எத்தனை லட்சம் கோப்பு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தேடுகிறவனுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. தமிழில் தட்டினால் அகப்படுகிறதா, அகப்பட்டது முழுதாகத் திறக்கிறதா, அடிக்குறிப்பில் கொடுத்த முகவரி பத்து வருடம் கழித்தும் வேலை செய்யுமா என்று பார்த்துத்தான் நான் மதிப்பிடுகிறேன்.

அளவு என்று பார்த்தால் ஷோத்கங்காவுக்குப் போட்டியே கிடையாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைப்பதற்காகக் காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துவது. ஆய்வேட்டின் மின்படியைக் கொடுத்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி போட்டது. பட்டம் அறிவிக்கும் முன்பே இன்ஃபிளிப்நெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 2016-இல் அதை இறுக்கியது. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மதுரைக்காரர் எழுதியதைப் படிக்க மதுரைக்கே போய், நூலகரிடம் கடிதம் கொடுத்து, உட்கார்ந்து கையால் குறிப்பெடுக்க வேண்டும். அந்த அலைச்சலை ஒழித்ததற்காகவே ஷோத்கங்காவை நான் கொண்டாடுவேன்.

ஆனால் தமிழ் ஆய்வேடு தேடும்போது சிக்கல் தொடங்குகிறது. பல தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு அங்கே ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கிறது, அதுவும் ஒரே மாதிரி இல்லை. 'சங்கம்' என்ற சொல்லை ஒருவர் எஸ் போட்டுத் தொடங்குகிறார், இன்னொருவர் சி போடுகிறார். 'திணை'க்கு ஒருவர் வெறும் டி, மற்றவர் டி-யோடு ஹெச்சும் சேர்க்கிறார். எல்லா வடிவத்தையும் தட்டிப் பார்த்தால்தான் "இந்தத் தலைப்பில் எதுவும் இல்லை" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

கோப்பைத் திறந்த பிறகு அடுத்த தடை. பழைய ஆய்வேடுகள் பலவும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழ் தெரியும். 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். தேடுபொறி படிப்பது அந்த அரைப்புள்ளியைத்தான். ஐந்து வருட உழைப்பு இணையத்தில் இருந்தும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

இன்னொரு தொல்லை, ஆய்வேடு ஒரே கோப்பாக வராமல் இயல் இயலாக வருவது. தலைப்புப் பக்கம் 01, பிறகு சான்றிதழ், முன்னுரை என்று எண் போட்டு நீளும். கடைசியில் 80 என்ற எண்ணோடு ஒரு 'பரிந்துரை'க் கோப்பு இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்தது அது. அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் அதைத் திறந்தால் முழுதும் படிக்க வேண்டியதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெங்களூரு வேறு தினுசு. 2002-இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் நிறுவனக் களஞ்சியம், அதாவது ஒரு நிறுவனம் தன் ஆட்களின் ஆய்வுகளைச் சேர்த்து வைக்கும் தளம். பேராசிரியர்களின் இதழ்க் கட்டுரைகளுக்கான இடம் இது. ஆய்வேடுகளுக்குத் தனித் தளம் வைத்திருக்கிறார்கள். துறை, ஆண்டு, ஆசிரியர் எந்த வழியில் போனாலும் பதிவு சுத்தமாக இருக்கும். குறை, பதிப்பக உரிமை காரணமாகப் பல கட்டுரைகள் பூட்டிக் கிடப்பது. அங்கே 'பிரதி கேட்க' ஒரு பொத்தான் உண்டு, கூச்சப்படாமல் அழுத்துங்கள். இயற்பியல், வேதியியல், பொறியியல்காரர்களுக்கு இதுதான் முதல் கதவு. தமிழ் இலக்கியக்காரர்களுக்கு இங்கே வேலை இல்லை.

யாழ்ப்பாணக் களஞ்சியம் இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் சிறியது. களஞ்சியம் நடத்துவதற்கென்றே உள்ள டிஸ்பேஸ் மென்பொருளில் ஓடுகிறது. ஷோத்கங்காவும் அதே மென்பொருள்தான். ஆனாலும் ஒரு வித்தியாசம்: ஆசிரியர்களின் தமிழ்க் கட்டுரைகள் பலவற்றுக்குத் தலைப்பும் சுருக்கமும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. தமிழில் தட்டினால் தமிழில் வருகிறது. சைவ சித்தாந்தம், ஈழத்து வரலாறு, நாட்டார் வழக்காறு பக்கம் ஆய்வு செய்கிற தமிழ்நாட்டு மாணவர்கள் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அது அவர்களுக்குத்தான் இழப்பு.

எது நிலைக்கும்? எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதில் ஆபத்து உண்டு என்று 2023 அக்டோபரில் லண்டனில் தெரிந்தது. பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அந்நாட்டு ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருந்த ஈத்தோஸ் சேவையும் முடங்கிப்போனது. தம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்திலும் ஒரு படி வைத்திருந்தவர்களின் ஆய்வேடுகள் தொடர்ந்து கிடைத்தன. அதற்காகச் சொந்தக் களஞ்சியமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பல்கலைக்கழகம் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், என் கட்டுரையில் நான் கொடுத்திருந்த ஏழு இணைப்புகளும் செத்துப்போயின. உலாவியின் முகவரியை அப்படியே ஒட்டியிருந்தேன். பதிவின் பக்கத்திலேயே ஹேண்டில் என்று ஒரு நிலையான முகவரி இருக்கும், ஷோத்கங்காவில் அது 10603 என்ற எண்ணோடு வரும். தளத்துக்குள் பக்கம் இடம் மாறினாலும் புது இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே ஏற்பட்ட முகவரி அது. அடிக்குறிப்பில் போட வேண்டியது அதைத்தான்.

ஆகவே என் தீர்ப்பு: யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று பார்க்க ஷோத்கங்கா. அறிவியலின் இதழ்க் கட்டுரைகளுக்குப் பெங்களூரு. தமிழில் தேடித் தமிழில் படிக்க யாழ்ப்பாணம். உங்கள் ஆய்வேட்டை வைப்பதற்கு ஷோத்கங்காவோடு உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியமும் இருந்தால் இரண்டிலும் வையுங்கள். ஒப்படைக்கும் முன் பிடிஎஃப்பைத் திறந்து, நடுவில் ஏதாவது ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வரவில்லை என்றால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு அப்புறம் கொடுங்கள்.