மார்பு பரிசோதனைப் படத்தை தூக்குற இன்ஸ்டாகிராம் ஆப்புக்கு 5ல 2 ஸ்டார்தான்

இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து பொம்பளைங்களுக்காக நாங்க நடத்துற பேஜ்ல, மார்புல கட்டி இருக்கான்னு வீட்லயே எப்படி பார்க்கிறதுன்னு ஒரு படம் போட்டோம், போட்டோ கூட இல்லங்க, பேனாவால வரைஞ்சது, நடு மூணு விரலையும் சேர்த்து வட்டமா அழுத்திப் பார்க்கிற மாதிரி, பக்கத்துலயே தமிழ்ல விளக்கம். நிர்வாணம்னு சொல்லி தூக்கிட்டாங்க.

அப்பீல் பட்டன் இருக்கு, ஆனா நம்ம பக்க நியாயத்த எழுத ஒரு வரி இடம் இல்ல, மெஷின் பார்த்துச்சா மனுசர் பார்த்தாங்களான்னும் சொல்றதில்ல. பிறகு படம் திரும்ப வந்துச்சு, அதுக்குத்தான் அந்த 2 ஸ்டார்.

இது புதுசா வந்த பிரச்சினையும் இல்ல. 2020 அக்டோபர்ல பிரேசில்ல ஒருத்தங்க மார்பக புற்றுநோய் அறிகுறிகள காட்டி இன்ஸ்டாகிராம்ல போட்ட படங்கள ஆட்டோமேட்டிக் சிஸ்டம் தூக்கிருச்சு, விழிப்புணர்வுக்காக முலைக்காம்பு காட்டலாம்னு இன்ஸ்டாகிராம் ரூல்லயே இருந்தும். 2021 ஜனவரில, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எடுக்கிற முடிவுகள மறுபடி பார்க்கிற ஓவர்சைட் போர்டு அது பிழைன்னு தீர்ப்பு சொல்லி, படத்து மேல இருக்கிற எழுத்தையும் சரியா கண்டுபிடிக்கணும், மெஷின்தான் தூக்குச்சுன்னா படம் போட்டவங்களுக்கு அத சொல்லணும்னு கேட்டாங்க.

ரூல் நல்லாத்தான் இருக்கு, பார்க்கிற விதம்தான் மோசம். நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்ல, டிஸ்பென்சரில போய் வாய் தொறந்து கேக்கவே கூச்சப்படுற அக்காமாருக்கு போன்ல தனியா பார்க்கிற படம்தான் வழி, அதையும் ஆபாசத்தோட சேர்த்தா எப்படி? தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள போட்டு அப்பீல பாருங்க, மிச்ச ஸ்டாரையும் தாறேன்.