சமையல் சோடாவா, வினிகரா?

வீட்டுக் குறிப்புகளில் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இவை நேரெதிர் இயல்புடையவை. சோடியம் பைகார்பனேட் எனப்படும் சமையல் சோடாவின் கரைசல் மிதமான காரத்தன்மை உடையது. வினிகரோ சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் கொண்டது. எனவே அழுக்கின் தன்மை அறிந்து தேர்ந்தெடுத்தால்தான் இவற்றால் சிக்கனம் கிட்டும்.

கெட்டிலின் உட்புறத்தில் படியும் வெண்ணிற உப்புப்படிவுக்கு வினிகரே ஏற்றது. அப்படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், சம அளவு நீர் கலந்த வினிகரைச் சூடாக்கிச் சிறிது நேரம் ஊறவிட்டால் அது கரைந்துவிடும். பளிங்குக் கல்லும் கால்சியம் கார்பனேட்தான் என்பதால், பளிங்குத் தரையில் வினிகரைப் பயன்படுத்தவே கூடாது. அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்கு சோடா கலந்த நீரைக் கொதிக்கவைத்துத் தேய்ப்பது நல்லது. அலுமினியப் பாத்திரம் மட்டும் இதனால் கருத்துப்போகும்.

நாற்றத்திலும் இதே விதிதான். கெட்டுப்போன பாலின் புளித்த வாடைக்குக் காரணம் அமிலங்கள். அவற்றைச் சோடா சமன்செய்கிறது. மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை. அவற்றுக்கு வினிகர் வேண்டும்.

இரண்டையும் சேர்த்து அடைபட்ட குழாயில் ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. பொங்கி வரும் நுரை கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட பின் எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட் கரைந்த நீர்தான், அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. பிளீச் திரவத்துடன் வினிகர் கலந்தாலோ நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். ஆகவே அவ்விரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

அழகுப் பராமரிப்பில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. அதன்மீது சோடாவைத் தேய்த்தால் இயற்கைப் பாதுகாப்பு குலைந்து, வறட்சியும் எரிச்சலும் உண்டாகலாம். முகத்துக்கும் அக்குளுக்கும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கூந்தலுக்கும் சோடா உகந்ததன்று, ஏனெனில் காரம் முடியின் மேல்செதில்களை விரியச்செய்து சொரசொரப்பாக்குகிறது. மாறாக, ஒரு கப் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, ஷாம்பு போட்ட பின் அலசி, மீண்டும் வெறும் நீரால் கழுவினால் முடி மென்மையாக இருக்கும். நீர் கலக்காத வினிகர் தோலைப் புண்ணாக்கக்கூடும். பற்களைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்: வினிகர் எனாமலை அரிக்கும், சோடாவோ மென்மையான உராய்வுப் பொருள் என்பதால் பல பற்பசைகளிலேயே சேர்க்கப்படுகிறது. எனினும் அதில் ஃபுளோரைடு இல்லாததால், பற்பசைக்கு ஈடாக அதை மட்டும் நம்பியிருக்க இயலாது.

பழைய சோடாவைத் தூக்கி எறியும் முன், ஒரு சிட்டிகையில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நன்றாகப் பொங்கினால் கேக்குக்கு உதவும். பொங்காவிட்டால் பாத்திரமும் தொட்டியும் தேய்க்க அதுவே போதும்.